எதிர்பாராத இடையூறும் சாகுபடி ஒப்பந்தமும்

2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தபொழுது, ஓசூர் தாலூகாவில் பசுமைக்குடில் அமைத்து ரோஜா பயிரிட்டு வந்தவர்களின் நிலைமை மிகவும் பரிதாபத்திற்குரியதாயிற்று. அயல்நாட்டுப் பிரயாண விமானங்கள் மூன்று தினங்களுக்கு முன்னரே நின்றுவிட்டன. கலியாணங்கள் ஒத்திவைக்கப்பட்டன, ஆலயங்கள் அடைபட்டன, பெங்களூர்ச் சந்தைக்கு வண்டி போகவில்லை. ரோஜாச் செடியோ ஊரடங்கை அறியாது. அது நாள்தோறும் மொட்டு விட்டுக்கொண்டேயிருந்தது. செடியைக் காப்பாற்ற வேண்டுமாயின் மலரை அறுத்தே தீரவேண்டும். ஆதலால் கூலி கொடுத்து அறுத்து, அறுத்ததைக் குப்பைக்குழியில் கொட்டவேண்டியதாயிற்று.

இத்தகைய சமயத்தில் நஷ்டம் யாரைச் சேரும் என்ற கேள்விக்கு விடை ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கவேண்டும். ஆனால் விலை இன்னது, தரம் இன்னது, கெடு இன்னது, தவறினால் அபராதம் இன்னது என்று விரிவாக எழுதுகிறவர்கள், இருவர் கையிலும் இல்லாத இடையூறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விடுவது சகஜமாயிருக்கிறது. எழுதியிருப்பினும் அது வாங்குவோருடைய சௌகரியத்திற்காக எழுதப்பட்டதாகவே இருக்கும். விற்பவர் கையெழுத்துப் போடுமுன் அதை வாசிப்பதில்லை.

எல்லைப்புறத்து ஜில்லாவாகிய கிருஷ்ணகிரிக்கு இவ்விஷயம் மற்ற ஜில்லாக்களைக் காட்டிலும் முக்கியமானது. காவேரி நீர் சம்பந்தமாக சுப்ரீம் கோர்ட்டு இட்ட உத்தரவை முன்னிட்டு, 2016-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 9-ந் தேதி கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்தது. 12-ந் தேதி பெங்களூரில் கலகம் மூண்டு, தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய பஸ்களும் லாரிகளும் எரிக்கப்பட்டன. ஓசூரையடுத்த ஜுஜுவாடி எல்லையில் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர் தூரமே. காய்கறியும் பூவும் விடியுமுன் போய்ச் சேரும் தூரம். ஆயினும் அந்நாட்களில் அது கடக்கவொண்ணாத தூரமாயிற்று. விளைச்சல் இருந்தது, வாங்குவோரும் இருந்தார், நடுவிலிருந்த சாலைதான் இல்லை.

இப்பிரதேசத்தில் முன்பேசி வளர்க்கப்படும் பொருள்கள் பலவகைப்படும். கெர்கின் என்னும் ஊறுகாய் வெள்ளரியை, விதையும் உரமும் மருந்தும் கம்பெனியாரிடம் கடனாகப் பெற்று, காயைக் கொடுத்துக் கணக்குத் தீர்த்துக்கொள்கிறார்கள். கறிக்கோழி வளர்ப்போர், குஞ்சும் தீவனமும் பெற்று வளர்ப்புக்கூலி வாங்குகிறார்கள். ரோஜா ஏற்றுமதிக்கும் உள்நாட்டுச் சந்தைக்கும் போகின்றது. இதற்கென்றே ஓசூருக்கு அருகில் அமுதகொண்டப்பள்ளியில் டான்ஃப்ளோரா என்னும் மலர்ப்பூங்கா அமைந்திருக்கிறது. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் மாங்கனி கூழ்த் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றது; மாந்தோப்புகளைப் பூவிலேயே மதிப்பிட்டுக் குத்தகை பேசுவதும் உண்டு. இவை யாவற்றுக்கும் ஒரே மாதிரியான ஷரத்துப் பொருந்தாது.

முதலாவதாக, பத்திரத்தில் ஒன்றும் எழுதாவிடில் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை அறிதல் வேண்டும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 56-வது பிரிவின்படி, ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னர் அதன்படி நடப்பது அசாத்தியமாய்விட்டாலும், அல்லது வாக்களித்தவரால் தடுக்கவியலாத காரணத்தால் சட்டவிரோதமாய்விட்டாலும், அவ்வொப்பந்தம் செல்லாததாகும். இதைக் கேட்டவுடன் குடியானவர் மனம் ஆறுதலடையலாம். ஆயின் அதே சட்டத்தின் 65-வது பிரிவு, செல்லாததாய்ப் போன ஒப்பந்தத்தின் மூலம் ஒருவர் பெற்ற அனுகூலத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறது. அதாவது, வெள்ளம் வந்து வெள்ளரிப் பந்தல் முழுதும் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். காய் கொடுக்கவேண்டிய கடமை நீங்கும்; முன்பணமாகவும் விதையாகவும் உரமாகவும் வாங்கியதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு தலைமேலேயே நிற்கும். பயிரும் போய்க் கடனும் நிற்கும் இந்த நிலையைச் சட்டம் தானாகத் தீர்த்துவைக்காது; பத்திரம்தான் தீர்க்கவேண்டும்.

மேலும், கோர்ட்டுகள் ‘அசாத்தியம்’ என்பதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. சத்தியவிரத கோஷ் என்பவர் வழக்கில் 1953-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தபோது, அச்சொல்லுக்கு அடியோடு முடியாமற்போதல் என்று மட்டும் பொருள் கொள்ளவேண்டியதில்லை, ஒப்பந்தத்தின் நோக்கமே சிதைந்தாலும் போதும் என்று விளக்கியது. அங்ஙனம் விளக்கியும், யுத்தத்தின் நடுவிலேயே செய்துகொள்ளப்பட்ட அந்த ஒப்பந்தத்தை யுத்தகாலக் கெடுபிடி முறித்துவிட்டதாக ஏற்க மறுத்துவிட்டது. 2017-ஆம் வருஷம் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கிலோ, இந்தோனேசியா தேசத்து நிலக்கரியின் விலை ஏறியதைக் காரணங்காட்டி ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாதென்று தீர்ப்பாயிற்று. விலை ஏற்ற இறக்கம் வியாபாரத்தோடு பிறந்தது, அது இடையூறாகாது. இத்தீர்ப்பு குடியானவருக்குப் பாதகமானதென்று நினைக்கவேண்டாம். சந்தையில் விலை சரிந்த காலத்தில் ‘எதிர்பாராத நிலைமை’ என்று சொல்லிக் காயை வாங்க மறுக்கும் வியாபாரிக்கு இதுவே தக்க விடையாகும்.

மாந்தோப்புக் குத்தகைக்காரர்கள் கவனிக்கவேண்டிய தீர்ப்பு ஒன்றுமுண்டு. 1947-ஆம் வருஷத்துப் பிரிவினையில் பாகிஸ்தானைச் சேர்ந்துவிட்ட விளைநிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கலகத்துக்கு அஞ்சி ஓடிவந்தவர், தாம் கொடுத்த குத்தகைப் பணத்தைத் திரும்பக் கேட்டார். அனுபோகம் கைமாறிய நிலக்குத்தகைக்கு 56-வது பிரிவு பொருந்தாதென்று 1968-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஊரைவிட்டு ஓடிவந்தவருக்கே அதுதான் கதியென்றால், காற்றில் பிஞ்சு உதிர்ந்ததற்குக் குத்தகைக் குறைப்புக் கேட்பவர் பத்திரத்தில் எழுதி வாங்காமல் எதை நம்பிக் கேட்பது?

இனி, குடியானவர்கள் எல்லோரும் மனத்திலிருத்தத்தக்க பழைய வழக்கு ஒன்றைக் கூறுவோம். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் ஜில்லாவிலுள்ள வாப்லோடு என்னும் ஊரைச் சேர்ந்த உழவர் ஒருவர், 1872-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், தம்முடைய நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் 200 டன் கொடுப்பதாக ஒரு வியாபாரியிடம் ஒப்புக்கொண்டார். 200 டன்னுக்கு மேலும் விளையக்கூடிய அளவு நிலத்தில் பயிரும் வைத்தார். ஆகஸ்டு மாதத்தில் கருகல்நோய் பரவிற்று. சுமார் 80 டன்தான் அவரால் கொடுக்க முடிந்தது. மீதிக்கு நஷ்டஈடு கேட்டு வியாபாரி தாவா செய்தார். ‘தம்முடைய இன்ன நிலத்தில் விளைவது’ என்று குறிப்பிட்டு ஒப்பந்தம் செய்யப்பட்டிருத்தலால், அந்நிலத்து விளைவு அழிந்தபின் உழவர் பொறுப்பாளி அல்லர் என்று 1876-ஆம் வருஷம் அப்பீல் கோர்ட்டும் தீர்த்தது. ஹவெல் எதிர் கூப்லண்டு வழக்கு என்று இதனைச் சட்டம் கற்றோர் இன்றும் எடுத்துக்காட்டுவர்.

இதன் உட்பொருள் யாதெனில், நிலத்தைக் குறிப்பிடாமல் ‘10 டன் வெள்ளரி தருவேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தவர், தம் பயிர் அழிந்தாலும் கடையில் வாங்கியாவது 10 டன் தரவேண்டியவர் என்று வாதிக்க இடமுண்டு. ‘இன்ன கிராமம், இன்ன சர்வே நம்பர், இன்ன உட்பிரிவு, இத்தனை ஏக்கரில் விளைவதில்’ என்று எழுதியவருக்கு அவ்வாதத்தைத் தடுக்கும் வேலி கிடைத்துவிடுகிறது. ஒரு வரி அதிகமாக எழுதுவதால் செலவு ஒன்றுமில்லை. அச்சடித்த ஒப்பந்தப் படிவங்களில் சர்வே நம்பருக்கென்று விட்ட இடம் காலியாகவே கிடப்பதைக் காணுந்தோறும் வருந்தவேண்டியிருக்கிறது. கிராம நிர்வாக அதிகாரிகள் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உபகாரம் பெரிது.

இத்தகைய ஷரத்துக்கு வக்கீல்கள் வழங்கும் பெயர் ‘ஃபோர்ஸ் மஜூர்’ என்னும் பிரெஞ்சுச் சொல். வெள்ளம், இடி, பூகம்பம் போன்ற தெய்வச் செயலைக் காட்டிலும் விரிந்த பொருளுடையது இது. மனிதர் செயலாகிய கலகம், வேலைநிறுத்தம், சர்க்கார் தடை ஆகியவற்றையும் உள்ளடக்கும் என்று, ஆப்பிரிக்கப் பருத்தி இறக்குமதி சம்பந்தமான ஒரு வழக்கில் 1961-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியிருக்கிறது. ஆயினும் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அதில் எல்லாம் அடங்கும் என்று இருப்பது அபாயம். நிகழ்ச்சிகளைப் பெயர் சொல்லி எழுதவேண்டும். கடைசியில் ‘இவற்றை யொத்த பிற’ என்று மட்டும் முடித்தால், மேலே சொன்ன இனத்தைச் சேர்ந்தவையே அடங்கும் என்று கோர்ட்டார் குறுக்கிப் பொருள் கொள்ளக்கூடும். ஆதலால் ‘இவற்றை ஒத்தனவாயினும் ஒவ்வாதனவாயினும்’ என்று எழுதுவது நலம்.

எவையெவை என்று பெயர் சொல்லும்போது ஊரின் அனுபவமே வழிகாட்டி. தேன்கனிக்கோட்டை, தளி, சானமாவு பக்கங்களில் கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் வருஷந்தோறும் வருகின்றன. வருஷந்தோறும் வருவதை ‘எதிர்பாராதது’ என்று யார் ஒப்புவர்? எதிர்பார்க்கத்தக்கதேயெனினும் குடியானவரால் தடுக்கமுடியாதது அது. ஆகவே ஷரத்தில் ‘எதிர்பாராத’ என்ற சொல்லையே நம்பாமல், ‘இரு கட்சியாருடைய சக்திக்கும் அப்பாற்பட்ட’ என்று எழுதி, வனவிலங்கு என்பதைப் பெயர் சொல்லிச் சேர்க்கவேண்டும். 2020-க்குப் பின் தொற்றுநோய்க்கும் இதே நியாயம் பொருந்தும். ஒருமுறை உலகமே கண்டுவிட்டதை இனி எதிர்பாராததென்று சாதிப்பது கடினம். எல்லைப் போக்குவரத்துத் தடையும் அத்தகையதே. 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சித்தூர் ஜில்லா நிர்வாகம் பிற மாநிலத்துத் தோத்தாபுரி மாங்கனி உள்ளே வரலாகாதென்று உத்தரவிட்டு, கர்நாடக சர்க்கார் அதனை ஆட்சேபித்தது நினைவிருக்கலாம். தோத்தாபுரி என்பது நம்முடைய பெங்களூராவேயன்றி வேறன்று.

காலம் சம்பந்தமான ஷரத்தில்தான் பெரும் பிசகு நேர்கிறது. ஓசூர் தொழிற்பேட்டைகளில் இயந்திர உறுப்புச் செய்வோர் எழுதும் ஒப்பந்தங்களில், இடையூறு நேர்ந்தால் 30 நாள் அல்லது 60 நாள் கடமை நிறுத்திவைக்கப்படும், பின்னர் தொடரும் என்றிருக்கும். திருகாணி கிடங்கில் 30 நாள் காத்திருக்கும். கெர்கின் இரண்டு நாள் காத்திருக்காது. பறிக்காமல் விட்ட பிஞ்சு தடித்து, உயர்ந்த தரத்திலிருந்து கடைத் தரத்துக்கு இறங்கி, பின்பு மாட்டுக்கும் ஆகாத பழுப்பாய்விடும். கறிக்கோழியோ எடை ஏறியபின் ஒவ்வொரு நாளும் தீவனம் தின்றுகொண்டே நிற்கும். ஆதலின் தொழிற்சாலைப் படிவத்தை எடுத்து வயலுக்கு ஒட்டவைக்கலாகாது. வாங்குவோர் 24 மணி அல்லது 48 மணி நேரத்துக்குள் சரக்கை எடுக்க இயலாவிடில், விற்பவர் அதை எவருக்கும் விற்றுக்கொள்ளலாம் என்றும், அப்படி விற்றது ஒப்பந்தம் மீறியதாகாது என்றும் எழுதவேண்டும். கோழியாயின் காலதாமத நாட்களுக்குத் தீவனச் செலவு யாரைச் சேரும் என்பதையும் குறிக்கவேண்டும்.

அறிவிப்புக்கும் கெடு வேண்டும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி, வெள்ளம் முதலியவற்றால் தனிப்பட்ட நிலத்தில் நேரும் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டுமென்று விதி இருக்கிறது. ஒப்பந்தத்திலும் அதே கெடுவை வைத்துக்கொண்டால் குடியானவருக்கு ஞாபகத்தில் நிற்கும். கைப்பேசிச் செய்தியும் அறிவிப்பாகக் கொள்ளப்படும் என்று எழுதாவிடில், பதிவுத்தபால் அனுப்பவில்லை என்ற ஒரே காரணத்தால் நியாயமான கோரிக்கையும் தள்ளப்படலாம். சாலையே அடைபட்ட வேளையில் தபால் எப்படிப் போகும் என்பதைப் படிவம் அச்சடித்தவர் யோசித்திருக்கமாட்டார்.

நிகழ்ச்சி நேர்ந்தது என்பதை யார் உறுதிசெய்வது? கம்பெனியின் களப்பணியாளர் சொல்வதே முடிவு என்று சில படிவங்களில் காணப்படுவது முறையன்று. கிராம நிர்வாக அதிகாரியின் சான்று, வேளாண்மை அல்லது தோட்டக்கலை இலாகா உத்தியோகஸ்தரின் பார்வைக் குறிப்பு ஆகியவற்றை ஏற்பதாக எழுதவேண்டும். மழையைப் பொறுத்தவரை, எந்த இடத்து மழைமானியின் கணக்கு என்பதைக் குறிப்பிடுதல் அவசியம். 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை யொட்டி ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஜில்லா முழுவதும் அப்படிப் பெய்யவில்லை. ஜில்லாச் சராசரியை வைத்து வழக்காடினால் ஊத்தங்கரைக்காரர் தோற்பார்.

முன்பணமும் இடுபொருட் கடனும் என்னாவது என்பதே ஷரத்தின் உயிர்நிலை. 2020-ஆம் வருஷத்து மத்திய ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தில், வெள்ளம், வறட்சி, தொற்றுநோய், பூச்சி போன்ற தவிர்க்கவொண்ணாத நிகழ்ச்சியால் தவறு நேர்ந்திருந்தால் உழவரிடமிருந்து தொகை வசூலிக்க உத்தரவிடலாகாதென்றும், எக்காரணம் பற்றியும் அவர் நிலத்தின்மேல் வசூல் நடவடிக்கை கூடாதென்றும் விதிகள் இருந்தன. அச்சட்டம் 2021-ஆம் வருஷம் ரத்து செய்யப்பட்டுவிட்டது. அதன்பேரில் எழுந்த வாதப்பிரதிவாதங்கள் ஒருபுறமிருக்க, அவ்விரண்டு விதிகளையும் தாமே தம் பத்திரத்தில் எழுதிக்கொள்ள எவருக்கும் தடையில்லை. நம் மாநிலத்திலும் ஒப்பந்தப் பண்ணையத்திற்கென 2019-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் ஏற்பட்டிருக்கிறது. அதன்கீழ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளவும் வழியுண்டு.

முழுக்கடனும் தள்ளுபடி என்பதற்குக் கம்பெனியார் இணங்காவிடில் நடுவழி ஒன்றுண்டு. உதாரணமாக, 30,000 ரூபாய் இடுபொருட் கடன் பெற்று 10 டன் எதிர்பார்த்த வயலில், 4 டன் கொடுத்தபின் வெள்ளம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த 4 டன்னின் வீதத்துக்குரிய 12,000 ரூபாயைக் காய்க் கிரயத்தில் கழித்துக்கொள்ளலாம். மீதி 18,000 ரூபாயை இருவரும் சரிபாதியாய் ஏற்பதென எழுதினால், உழவர் பங்கு 9,000 ரூபாய். அதுவும் அடுத்த பயிரில், வட்டியின்றி. ஷரத்து இல்லாவிடில் 18,000 ரூபாய் முழுதும் அவர் பேரில் நிற்கும். அன்றியும், வெள்ளத்துக்குமுன் கொடுத்துவிட்ட காய்க்குரிய கிரயத்தை எந்த இடையூற்றைக் காட்டியும் நிறுத்திவைக்கலாகாது என்று தனியே எழுதவேண்டும். அபராதத் தொகை குறித்திருந்தாலும், 74-வது பிரிவின்படி நியாயமான நஷ்டஈடு மட்டுமே கிடைக்கும். குறித்த தொகை அதன் உச்சவரம்பேயாகும்.

மேற்கூறியவற்றைக் கொண்டு ஷரத்து ஒன்றைப் பின்வருமாறு எழுதலாம்:

“மேலே குறிப்பிட்ட சர்வே நம்பர் நிலத்தில் விளைவதை மட்டுமே உற்பத்தியாளர் கொடுக்கக் கடமைப்பட்டவர். வெள்ளம், வறட்சி, புயல், ஆலங்கட்டி மழை, நெருப்பு, வனவிலங்கு, தக்க தடுப்புச் செய்தும் அடங்காத பூச்சி நோய், தொற்றுநோய், கலகம், முழு அடைப்பு, வேலைநிறுத்தம், மாநில எல்லையில் போக்குவரத்துத் தடை, சர்க்கார் உத்தரவு ஆகிய இவற்றாலும், இவற்றை ஒத்ததாயினும் ஒவ்வாததாயினும் இரு கட்சியார் சக்திக்கும் அப்பாற்பட்ட வேறு நிகழ்ச்சியாலும் கடமை நிறைவேறாவிடில், அவ்வளவுக்கு அது ஒப்பந்த மீறுதல் ஆகாது. சந்தை விலையின் ஏற்ற இறக்கம் இதில் அடங்காது. நிகழ்ச்சியை 72 மணி நேரத்துள் கைப்பேசிச் செய்தியாகவோ எழுத்து மூலமாகவோ தெரிவிக்கவேண்டும். வாங்குவோர் 24 மணி நேரத்துள் சரக்கை எடுக்காவிடில் உற்பத்தியாளர் பிறருக்கு விற்கலாம். அதுவரை ஒப்படைத்த சரக்கின் கிரயம் கெடுப்படி செலுத்தப்படவேண்டும். தீராத இடுபொருட் கடனை இருவரும் சரிபாதியாக ஏற்பர்; அதற்காக உற்பத்தியாளரின் நிலத்தைத் தொடலாகாது.”

பயிருக்கேற்ப மணிக்கணக்கையும் பங்கையும் மாற்றிக்கொள்க. ‘அவ்வளவுக்கு’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடலாகாது; பாதி அழிந்த வயலில் மீதிப் பாதியைக் கொடுக்கும் கடமையும் வாங்கும் கடமையும் அச்சொல்லால்தான் நிற்கின்றன.

எல்லைக்கு அப்பாலுள்ள கம்பெனிகளோடு எழுதுவோர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளவேண்டும். படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில், தாவாக்கள் பெங்களூர்க் கோர்ட்டுகளில் மட்டுமே நடக்கும் என்று அச்சிட்டிருக்கக் கூடும். பத்தாயிரம் ரூபாய்க் கணக்குக்காக வாய்தாவுக்கு வாய்தா எல்லை கடந்து போய்வரச் சம்மதமில்லையேல், அவ்வரியைப் பேனாவால் அடித்து, ஓசூர் அல்லது கிருஷ்ணகிரி என்று எழுதி, அடித்தலுக்கு நேரே ஓரத்தில் இரு கட்சியாரும் கையெழுத்திட்டுத் தேதியும் போடவேண்டும். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் பிரதியும் கேட்டு வாங்கி, முரண்பாடு நேர்ந்தால் தமிழ்ப் பிரதியே செல்லும் என்று எழுதிக்கொள்ளவேண்டும். பிரதி இரண்டாக இருத்தல் வேண்டும். கையெழுத்தான பிரதிகளில் ஒன்று அன்றைக்கே உழவர் கைக்கு வரவேண்டும். சர்வே நம்பர் சரிதானா என்பதை அடங்கல் நகலோடு ஒப்பிட்டு, அந்த நகலையும் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்து வைக்கவேண்டும்.